சென்ட் விலையை வைத்து மலையை ஒப்பிடாதீர்கள்

பைக்காரா, நீலகிரி மாவட்டம்

நீலகிரியில் வீடோ மனையோ வாங்கிக் குடிவர எண்ணியிருக்கும் சென்னை, பெங்களூரு, கோவைக் குடும்பங்களுக்கு,



மலைக்குக் குடிபோவது என்று தீர்மானித்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் ஒரு பட்டியல் போடுகின்றன. சிம்ஸ் பூங்காவைச் சுற்றியுள்ள மேல் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு, உதகையில் பர்ன்ஹில், லவ்டேல், மைசூர் சாலைப் பக்கம் பைக்காரா, கிளன்மார்கன், நடுவட்டம் என்று ஊர்ப் பெயர்களை எழுதி, எதிரே சென்ட் விலையைக் குறித்து, எது நமக்குக் கட்டுப்படியாகும் என்று பார்க்கிறீர்கள். ஆயுள் சேமிப்பைப் போடப்போகிறவர்கள் கணக்குப் பார்ப்பது நியாயமே. ஆனால் இந்த மலையில் சென்ட் விலை, அந்த இடத்தில் வாழ்வதற்கு என்ன செலவாகும் என்பதைக் காட்டுவதில்லை. பல இடங்களில் அது தலைகீழாகவே காட்டுகிறது. விலை குறைந்த மனை கடைசியில் கையைக் கடிக்கிறது. முதலில் மலைப்பாகத் தெரிந்த ஊருக்குள் இருக்கும் பழைய வீடு மலிவாக முடிகிறது. ஏன் அப்படி என்பதை விளக்கத்தான் இந்த மடல்.

சமவெளி நகரத்தில் விலையை நம்பி ஒப்பிடலாம். அண்ணா நகருக்கும் தாம்பரத்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் மெட்ரோ, குடிநீர், பள்ளிக்கூடம், மருத்துவமனை, வெள்ளம் வரும் தெரு, வராத தெரு எல்லாம் ஓரளவு அடங்கிவிடுகின்றன. காரணம், அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்கிறவர்கள். நீலகிரியின் பணக்காரப் பகுதிகளில் விலையைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு வருகிறவர்கள். அவர்கள் காசு கொடுப்பது காட்சிக்கு. பள்ளத்தாக்கு தெரிந்தால் ஒரு விலை, ஏரி தெரிந்தால் இன்னொரு விலை. இதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சாட்சி. 2001ல் இந்த மாவட்டத்தில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011ல் 7,35,394 பேர். சோவியத் சந்தை போனபின் பசுந்தேயிலை விலை சரிந்தது, இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நொடித்தது, இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். குடியிருப்போர் குறைந்த ஊரில் வீட்டு விலையும் இறங்கியிருக்க வேண்டும். இங்கே ஏறிக்கொண்டே போனது. 1932ல் பைக்காராத் தண்ணீரில் எடுத்த மின்சாரம் மலையிறங்கிப் போய்க் கோவையின் பஞ்சாலைகளை ஓட்டியது; அந்தத் தொழில்களில் சேர்ந்த செல்வத்தில் ஒரு பங்கு இப்போது வீடாக மலையேறி வருகிறது. வரட்டும், அதில் தவறில்லை. ஆனால் வாரக்கடைசி விருந்தாளியின் கண் நிர்ணயித்த விலையை, ஆண்டு முழுவதும் வாழப்போகிறவர் அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் எதை ஒப்பிடுவது? முதலில் மழையை. தொட்டபெட்டா முகடு இந்த மாவட்டத்தை இரண்டு காலநிலைகளாகப் பிரிக்கிறது. அதன் மேற்கே உள்ள பைக்காரா, நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழையை நேராக முகத்தில் வாங்குபவை. கிழக்கே குன்னூர், கோத்தகிரி, கேத்தி ஆகியவற்றுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் சுமார் 80 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் அதே அளவு, ஒரே நாளில். சென்னையில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த அளவின் பொருள் புரியும். இரண்டு ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் தூரம் அதிகமில்லை. மழை வந்த மாதம் மட்டும் வேறு. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வருவது மே மாதத்தில், மலர்க் கண்காட்சியை ஒட்டி. மே மாதத்தில் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

பைக்காராவை மே மாதம் பார்த்து விலை பேசியவர் ஜூலையில் வந்தால் வேறோர் ஊரைப் பார்ப்பார். ஏரி இருக்கும் திசையில் வெள்ளை மூட்டம்தான் தெரியும். நாள்கணக்கில் அது விலகாது. துவைத்த துணி வீட்டுக்குள்ளே கட்டிய கயிற்றில் வாரக்கணக்கில் ஈரமாகவே தொங்கும். மேற்குப் பார்த்த சுவரில் வர்ணம் பொரிந்து, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் மின்சாரம் போய்விடும். மழை விட்டு மரத்தை அறுத்த பிறகுதான் திரும்பும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவிலிருந்து இந்தப் பக்கம் பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். ஏரியைப் பார்த்துப் பெரிய கண்ணாடிச் சன்னல்களோடு சமவெளிப் பாணியில் கட்டிய வீட்டை இந்தக் குளிரில் சூடாக வைத்திருக்க ஆகும் செலவு எந்த விலைப்பட்டியலிலும் வராது. இங்கே பழைய வீடுகள் தாழ்ந்த கூரையும் சிறிய சன்னலுமாக இருப்பதற்குக் காரணம் வறுமை மட்டுமில்லை.

அடுத்து சரிவு. 2009 நவம்பர் மண்சரிவுகளில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலைகள் துண்டாயின, மலை ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலையில் நம் எல்லையை அடுத்த வயநாட்டில் நடந்த மண்சரிவில் முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்த மலையில் எல்லாச் சரிவும் இறங்கிவிடுவதில்லை. நூறாண்டுகளாக அசையாமல் நிற்கும் சரிவுகள் இங்கே ஏராளம். சரிவின் அடியை வெட்டி மனையாக்கும்போதும், ஓடையின் வழியை மண் போட்டு மூடும்போதும் ஆபத்து கூடுகிறது. மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கனத்து, வெட்டிய முகத்தை முன்னே தள்ளுகிறது. ஆகவே மனை பார்க்கப் போகும்போது பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்பதற்கு முன் முதுகைத் திருப்பி மேட்டைப் பாருங்கள். பின்பக்கத் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குக் குழாய்த் துளைகள் விட்டிருக்கிறார்களா? அவற்றின் கீழே நீர் வடிந்த பாசிக் கறை தெரிகிறதா? துளையே இல்லாத சுவரும், துளை இருந்தும் கறையில்லாமல் அடைபட்டிருக்கும் சுவரும் ஒன்றுதான். மேட்டிலுள்ள சில்வர் ஓக் மரங்கள் அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருந்தால், அந்த மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்ந்து வருகிறது என்று பொருள். படிக்கட்டும் வீடும் சேருமிடத்தில் விரல் நுழையும் வெடிப்பு இருந்தால், புதிதாகச் சிமென்ட் பூசி மறைத்திருந்தாலும், அதையே நம்புங்கள். விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள்.

இந்தச் சரிவு கட்டுமானச் செலவிலும் வந்து நிற்கும். மணலும் செங்கல்லும் சிமென்டும் கம்பியும் மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டையூசி வளைவுகள் ஏறித்தான் வர வேண்டும். தடுப்புச் சுவருக்கு ஆகும் பணம் சில மனைகளில் வீட்டுச் செலவையே எட்டிப்பிடிக்கும். நீலகிரி முழுவதும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் இருப்பதால் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. அனுமதியில்லாமல் பொக்லைன் வைத்து மலையை வெட்டவும் கூடாது. இதற்குமேல் பத்திரச் செலவு: முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய் சொத்துக்கு 9 லட்சம். அது எல்லா ஊருக்கும் பொது என்பதால் ஒப்பீட்டை மாற்றாது. தடுப்புச் சுவர் மாற்றிவிடும்.

தண்ணீரில் உள்ள வேறுபாடு இதைவிடக் கூர்மையானது. மழை மிகுந்த மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று நினைப்பது இயற்கை. ஆனால் இங்கே பெய்யும் மழை நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. குன்னூர் நகரம் நெடுங்காலமாக ரேலியா அணையை நம்பி வாழ்ந்து, கோடையில் நாள்கணக்கில் குழாயைப் பார்த்துக் காத்திருந்த ஊர். மேல் குன்னூரின் சென்ட் விலையில் அந்தக் காத்திருப்பு ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவில்லை. உதகைக்கு பார்சன்ஸ் வேலி அணைதான் முதல் ஆதாரம். பைக்காராவில் கண்ணுக்கெதிரே அணை நிறையத் தண்ணீர் நிற்கும். அது மின்சாரம் எடுக்க நிறுத்திய தண்ணீர், உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருவதில்லை. அனுமதியில்லாமல் ஆழ்துளைக் கிணறும் போட முடியாது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி, ‘நகராட்சி இணைப்பு இருக்கிறதா, ஏப்ரலில் எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள்’ என்பது. அதைப் புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். கூரையில் அளவுக்கு மீறித் தொட்டிகள் அடுக்கியிருக்கும் தெருவில் கேட்கக்கூட வேண்டியதில்லை.

இனி பத்திரம். நீலகிரியில் மிக மலிவாக வரும் நிலங்களில் பல, உரிமையில் ஏதோ குறை இருப்பதால்தான் மலிவு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் ஐம்பது ஆண்டுகளாக முடிவில்லாமல் கிடக்கின்றன. அங்கே தலைமுறையாக வாழும் ஏழைக் குடும்பங்களுக்கே பட்டாவும் மின் இணைப்பும் பெரும்பாடு. தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949ன் கீழ் அறிவிக்கப்பட்ட நிலத்தை விற்க முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாத விற்பனைக்குச் சட்டத்தின் கண்ணில் மதிப்பில்லை. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாக்கள் வேறு. பைக்காராவைச் சுற்றி வனத்துறை நிலம், மின்வாரிய நிலம், அரசுத் தேயிலைக் கழக நிலம், தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளுக்குரிய நிலம் ஆகியவற்றைக் கழித்துவிட்டால் வெளியார் தயக்கமின்றி வாங்கக்கூடியது கொஞ்சமே மிஞ்சும். ‘ஏரிக்கரையில் சல்லிசாக ஓர் இடம்’ என்று யாராவது சொன்னால், அது ஏன் இதுவரை விற்காமல் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். சீகூர்ப் பீடபூமியில் மசினகுடி, பொக்காபுரம் பக்கம் நிலம் வாங்கி விடுதி கட்டியவர்கள் கதை இதற்குப் பாடம். 2010ல் அரசு யானை வழித்தடத்தை அறிவித்தது. 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. 2018ல் விடுதிகளுக்குச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபர் 14ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த விடுதிக்காரர்களில் பலர் கையில் பதிவான பத்திரம் இருந்தது. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறது. உரிமைக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

மருத்துவத்தில் நிலைமை முன்னைவிட மேல். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாகிவிட்டது. ஆனால் பைக்காராவிலிருந்து அது சுமார் 20 கிலோமீட்டர், மழையிலும் பனியிலும். உயர் சிகிச்சைக்குக் கோவை என்றால் அதற்கும் கீழே இறங்க வேண்டும். ஓய்வுக்காலத்துக்கு வருகிறவர்களுக்கு இது முதல் கணக்காக இருக்க வேண்டும். பெங்களூரு பக்கம் என்பதால் பைக்காராவைத் தேர்வு செய்கிறவர்கள், பந்திப்பூர்ச் சாலை 2009லிருந்து இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைபடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் உண்டு. முதலாவது, ‘எந்த நிலமானாலும் மலையில் விலை ஏறத்தான் செய்யும், அப்புறம் என்ன?’ என்பது. ஏறும் விலை விற்கும்போதுதான் காசு. உரிமை தெளிவான, நகர எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்கு ஆள் கிடைப்பதுபோல் ஓடையோரத்து மனைக்குக் கிடைப்பதில்லை. வாங்கியவர் அடுத்த ஏமாளிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது, ‘விதியை மீறித்தான் எல்லோரும் கட்டுகிறார்கள், பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்பது. விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைப்பது உதகையிலும் குன்னூரிலும் புதிய செய்தி இல்லை. அதைவிட முக்கியம், 7 மீட்டர் விதி அழகுக்காகப் போட்டதில்லை. சரிவு தாங்கும் சுமைக்காகப் போட்டது. அதிகாரி விட்டுவிட்டாலும் மண் விடாது.

மூன்றாவது மறுப்பு கனமானது. ‘விற்கிறவர் உள்ளூர்க்காரர், கட்டுப்படியாகாத தேயிலையை விட்டுவிட்டு நாலு காசு பார்க்கிறார், அதைத் தடுக்க நீ யார்?’ என்று கேட்கலாம். உற்பத்திச் செலவுக்கே விலை கிடைக்காத சிறு தேயிலை விவசாயி அரை ஏக்கரை விற்பதை யாரும் குறை சொல்ல முடியாது. நிலத்தை விற்கும் உரிமை அவருடையது. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். நடுவில் வாங்கி, வெட்டி, துண்டு போட்டு விற்பவருக்கே பெரும்பகுதி சேர்கிறது. அது ஒருபுறமிருக்க, நீங்கள் வாங்கும் வீடு ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடந்தால், அல்லது நாள் வாடகைக் காட்டேஜாக மாறினால், ஊருக்குள் மாத வாடகைக்கு இருக்கும் வீடுகள் குறைகின்றன. செவிலியரும் ஆசிரியரும் ஓட்டுநரும் எலக்ட்ரீஷியனும் ஊரின் ஓரத்துக்கு, பிறகு சரிவின் ஓரத்துக்கு, பிறகு மலைக்குக் கீழேயே தள்ளப்படுகிறார்கள். குடிவந்த பிறகு இரவு பதினொரு மணிக்கு உங்களுக்கு யார் தேவையோ, அவர் வாழ முடியாத ஊரில் நீங்கள் வீடு வாங்கியிருப்பீர்கள். இதைச் சுவிட்சர்லாந்து மக்கள் 2012ல் வாக்கெடுப்பு நடத்தியே நிறுத்தினார்கள்: ஒரு ஊராட்சியில் விடுமுறை வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று. இமாசலப் பிரதேசம் 1972லேயே, விவசாயி அல்லாத வெளியார் அரசு அனுமதியில்லாமல் நிலம் வாங்க முடியாதபடி சட்டம் செய்தது. நீலகிரியில் அப்படி எதுவுமில்லை. ஆகையால் அந்தப் பொறுப்பு வாங்குகிறவர் கைக்கு வந்துவிடுகிறது.

‘அப்படியென்றால் வெளியார் வரவே கூடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்வது அதுவல்ல. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரோடு படுகர்களும், மைசூரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்களும், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்ததுதான் இன்றைய நீலகிரி. வாழ வருகிறவர்களை இந்த மலை ஏற்றிருக்கிறது. பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்துவரும் ஊர்களுக்குக் குடும்பங்கள் குடிவருவது நல்லது. அப்படி வருகிறவர்களுக்கு ஏற்றவை, ஏற்கெனவே தெருவும் குழாயும் கழிவுநீர் வழியும் உள்ள இடங்களில் நிற்கும் பழைய வீடுகள். குன்னூரில் பெட்போர்டு, வெலிங்டன், அருவங்காட்டுச் சுற்றுப்புறம், உதகை நகருக்குள், கோத்தகிரிக் கடைவீதிக்கு நடந்துபோகும் தூரம். முப்பது, நாற்பது மழைக்காலம் அந்தச் சரிவில் நின்று காட்டிய வீட்டுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்தப் பொறியாளரும் தர முடியாது. கூரைத் தகட்டை மாற்றி, மின்கம்பியைப் புதிதாக இழுத்து, மேற்குச் சுவருக்கு நீர்க்காப்புப் பூசுவதற்கு ஆகும் பணத்தை, புதிய மனையின் தடுப்புச் சுவர், பாதை, தண்ணீர் லாரி, மின் இணைப்புச் செலவோடு வைத்துப் பாருங்கள். அப்போது உங்கள் பட்டியலின் வரிசை மாறிவிடும். வீட்டிலிருந்தே பள்ளத்தாக்குக் காட்சி கிடைக்காது, உண்மைதான். கடைவீதிக்கு நடந்து போனால் அது கிடைக்கும்.

வாங்குவதற்கு முன் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதே சரியான ஒப்பீடு. அதை ஜூனில் தொடங்குங்கள். மே மாதத்தில் வேண்டாம். மேற்கே ஒரு ஜூலை, கிழக்கே ஒரு நவம்பர், இரண்டு பக்கமும் ஒரு ஏப்ரல் என்று பார்த்துவிட்டால், எந்தப் புரோக்கரும் தர முடியாத விலைப்பட்டியல் உங்கள் கையில் இருக்கும். ஓராண்டு வாடகை வீண்செலவு என்று தோன்றலாம். ஒரு கோடிக்கு வாங்கினால் பத்திரச் செலவாகப் போகும் 9 லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இத்தனைக்குப் பிறகும் பைக்காராதான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்கள் ஜூலை இரண்டாம் வாரம் வாருங்கள். முன்பணம் கொடுக்காமல், மனையின் சர்வே எண்ணை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உதகையில் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மாவட்ட வன அலுவலகத்திலும் விசாரிக்க அந்த எண் வேண்டும்.

அன்புடன்,
பைக்காராவிலிருந்து